கிழக்குப் பாதி, மேற்குப் பாதி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல் விழும். உண்மையில் யார் மேல் விழ வேண்டியது என்பதைப் பிறகுதான் யோசிப்பேன். போன வருடம் ஆடி மாதம் அது எங்கள் பல்கலைக்கழக மண் ஆய்வகத்து உதவியாளர் மாரியப்பன் மேல் விழுந்தது. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

"பையை மாத்திட்டீங்கண்ணா. கிழக்குப் பையில மேற்கு மண்ணு, மேற்குப் பையில கிழக்கு மண்ணு."

"மாத்தியிருந்தா ஒண்ணு கூடவும் ஒண்ணு கொறச்சலாவும் வரணுமேம்மா? ரெண்டும் ஒண்ணாத்தானே வந்திருக்கு" என்றார் மாரியப்பன்.

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுபடியும் மண் எடுத்து வந்து கொடுத்தேன். மறுபடியும் இரண்டும் ஒன்றாகவே வந்தது.

விஷயம் என்னவென்றால், என் பெயர் தீபிகா. ஊர் ஆத்தூர்ப் பக்கம். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் பயறுத் திட்டத்துக்கு ஒப்பந்த உதவியாளர். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு விடுதியில் தங்காமல் தினமும் பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைகள் ஆயிரத்து இருநூறு பேர். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்புகிறவர்கள். பதினோரு மணி வாக்கில் ஆய்வக மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் கீழேயே விழுவார்கள். நானும் இதே இடத்தில் அப்படி வந்து படித்தவள்தான்.

அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் போடுவது எங்கள் திட்டம். சுண்டலுக்கு வேண்டிய தட்டப்பயறைச் சுற்றுவட்டார விவசாயிகள் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே விதைத்துத் தர வேண்டும். காய் பறித்த பிறகு கொடியை மண்ணில் மடக்கிப் போட்டுவிட்டால் அது மக்கி உரமாகும், யூரியா வாங்க வேண்டாம். மண்ணும் தேறும், பிள்ளைகளின் வயிறும் நிறையும். காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

பல்கலைக்கழகக் குழுவோ காகிதத்தை நம்புகிற குழு இல்லை. ஒரே வயலை இரண்டாகப் பிரித்துச் செய்து காட்டுங்கள், கொடி போட்ட பாதி யூரியா போட்ட பாதியை விட நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் சுண்டலுக்கு அனுமதி தருகிறோம் என்றது. திட்டத்தின் தலைவர் பேராசிரியர் தனசேகர் அதில் தப்பு ஒன்றும் இல்லை என்றார். எனக்கும் அப்போது தப்பு தெரியவில்லை.

மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் பாப்பாயி என்ற அம்மாளின் இரண்டு ஏக்கர் கிடைத்தது. அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். வீட்டுக்காரர் சின்னண்ணன் ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போடுவதற்கென்று வடநாட்டுக்குப் போனால் நாலைந்து மாதம் கழித்துத்தான் திரும்புவார். வயல் முழுக்கப் பாப்பாயி பொறுப்பு. நட்ட நடுவே கயிறு கட்டி, கிழக்கே பச்சைத் துணி கட்டிய குச்சியும் மேற்கே சிவப்புத் துணி கட்டிய குச்சியும் ஊன்றிவிட்டு, அவரிடம் தெளிவாகத்தான் சொன்னேன்.

"கிழக்குப் பாதியில தட்டப்பயறு. அறுத்த கொடி எல்லாம் அங்கேயே மண்ணுக்குள்ள. யூரியா ஒரு பிடி கூட விழக்கூடாது. மேற்குல பயறும் வேண்டாம், கொடியும் வேண்டாம். எப்பவும் போல யூரியா போட்டா போதும்."

"ஏனுங்க அம்முணி, அது எதுக்குங்க அப்பிடி?"

"அப்பத்தான்கா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்."

"வித்தியாசம் தெரியோணுமாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தையில் நட்டோம். சித்திரையில் காய் பறித்தார்கள். ஆடியில் மண்ணை எடுத்து வந்து கொடுத்தபோதுதான் மாரியப்பனோடு அந்தச் சண்டை. கிழக்கு மண்ணில் யூரியா போட்ட மாதிரி தழைச்சத்து. மேற்கு மண்ணில் கொடி மக்கிய மாதிரி மட்கு. ஆனால் மேற்கில் கொடியே இல்லை, கிழக்கில் யூரியாவே இல்லை. எப்படி?

எனக்குத் தூக்கம் கெட்டது. தண்ணீர் ஒரு பாதியிலிருந்து இன்னொரு பாதிக்கு அரித்துக்கொண்டு போகிறதோ என்று வயலின் சரிவை அளந்து பார்த்தேன். வயல் தட்டையாகத்தான் இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் கிடை போட்டிருந்த ஆடுகள் கயிற்றைத் தாண்டி வந்திருக்குமோ என்று விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழைய வருடங்களில் எங்கே எரு கொட்டினார்கள் என்று கேட்டேன். பேராசிரியர் புத்தகங்களைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டைக் கூடச் சந்தேகப்பட்ட எனக்கு, அந்த வயலில் தினமும் நிற்கிற பாப்பாயியைக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவையும் தோன்றவில்லை. படித்த புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

மார்கழியில் கிழங்கு பிடுங்கினோம். சின்னண்ணன் ஊருக்கு வந்திருந்தார். பேராசிரியரும் வந்தார். வரப்போரமாகத் தராசு கட்டி, இரண்டு பாதிகளிலும் அங்கங்கே செடிகளைப் பிடுங்கி நிறுத்தோம். கிழக்கில் ஒரு செடிக்குச் சராசரியாக ஐந்து கிலோ. மேற்கிலும் ஐந்து கிலோ. இன்னும் இருபது செடி பிடுங்கச் சொன்னேன். அப்போதும் அதே ஐந்து.

"நெம்ப நல்ல மகசூலுங்க சார்! எங்கப்பன் காலத்துல இருந்து இந்தக் காட்டுல இப்பிடி எறங்குனதில்லீங்" என்றார் சின்னண்ணன். அவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பேராசிரியரின் முகம் ஏன் இப்படித் தொங்கிப்போனது என்று அவருக்குப் புரியவில்லை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் வாடுகிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கிழங்குக் குவியலைத்தான். நான் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாப்பாயி ஒரு போசியில் மோர் கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஏன் கண்ணு, எதாச்சும் கொறஞ்சு போச்சுங்களா?"

"கொறையலைக்கா. ரெண்டும் ஒண்ணா இருக்கு."

"அப்பாடி!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணாத்தானுங்களே இருக்கோணும்? நானும் பாத்துப் பாத்துத்தானுங்க போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

அவர் சொன்னார். கொஞ்சம் கூட ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவர் நினைக்கவில்லை. சித்திரையில் நாலு பெண்களோடு சேர்ந்து பயறுக்கொடியை அறுத்து மண் அணைத்திருக்கிறார். கிழக்குப் பாதிக்கு எல்லாம் போட்டு, மேற்குப் பாதியைப் பார்த்தால் அது வெறுமனே நின்றிருக்கிறது.

"எங்க சொந்தம் ஒறம்பரைக்குள்ள ஒரு மொறை இருக்குதுங்க கண்ணு. பந்தியில ஒரு பதார்த்தம் கடைசி எலை வரைக்கும் வராதுன்னு தெரிஞ்சா, அத அடுப்படிய உட்டு வெளிய எடுக்கவே மாட்டோம். பாதிப் பேர்த்துக்கு நெய்யி ஊத்திப்போட்டு மீதிப் பேர்த்தப் பாக்க உட்டா அது என்னங்க விருந்து? எனக்குக் கைக்கு வரலீங்க. கொடியில பாதிய வாரி மேபொறத்துக்கும் போட்டுட்டேன்."

"சரி, யூரியா?"

"கெழபொறத்துக்குச் சேர வேண்டிய கொடியில பாதிய மேபொறம் வாங்கிக்கிச்சுங்களா? அப்பறம் மேபொறத்து ஒரத்துல பாதிய கெழபொறத்துக்குக் குடுக்கறதுதானுங்களே நாயம்?"

பேராசிரியர் கையிலிருந்த பேனாவை மூடினார். என்னால் மூட முடியவில்லை, வாயைத்தான் சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால், வீட்டுக்காரர் முன்னால், என் அம்மா வயதுள்ள ஒருவரைப் பார்த்துக் கத்தினேன்.

"நீங்க பண்ணின வேலையால ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க சாப்பாடு போச்சுக்கா! வித்தியாசம் தெரியணும்னுதானே சொன்னேன்? மண்ணுக்கு என்ன, இலை போட்டு உக்காந்திருக்கா? அது அழுமா?"

பாப்பாயி மோர்ப் போசியைக் கீழே வைத்தார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகத்தோடு நின்றார். பிள்ளைகள் சாப்பாடு போச்சு என்ற வார்த்தை மட்டும் அவருக்குள் இறங்கிவிட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. சின்னண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கிழங்கின் மண்ணைத் தட்டினார். பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வயல் அறிக்கையில் பேராசிரியர் 'முடிவு இல்லை' என்று எழுதினார். எனக்கு அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது. அந்த வயலில் யூரியா பாதியாகக் குறைந்திருக்கிறது, பயறு கூடுதலாக வந்திருக்கிறது, கிழங்கு எப்போதையும் விட நன்றாக இறங்கியிருக்கிறது. விவசாயிக்கு லாபம், மண்ணுக்கும் நல்லது. ஆனால் எங்களுக்கு முடிவு இல்லை. "ஒப்பிட ஒரு பாதி இல்லாம எதனால வந்ததுன்னு எப்படிம்மா சொல்றது? நல்ல மழையால கூட வந்திருக்கலாமே" என்று கேட்டார்.

குழு கூடிப் பேசிக் கலைய இரண்டு மாதம் ஆனது. முடிவாக இரண்டு விஷயம் சொன்னார்கள். வயலை இன்னொரு வருடம் செய்து பாருங்கள். அதற்கிடையில், புதுப் பிள்ளைகள் வந்ததும், சுண்டலால் பலன் உண்டா என்பதையும் நிரூபியுங்கள். காலைப் பஸ்ஸில் வருகிற அறுபது பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். முப்பது பேருக்குச் சுண்டல், முப்பது பேருக்குக் கிடையாது. இரண்டு மாதம் கழித்து எடை, வருகை, வகுப்புக் கவனம் எல்லாம் பார்ப்போம். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வருடம் ஆயிரத்து இருநூறு பேருக்கும் சுண்டல். இந்தத் தடவையும் குளறுபடி நடந்தால் கோப்பை மூடிவிடுவோம்.

"இந்தத் தடவை யாரையும் நம்பி விட வேண்டாம், நீயே பார்த்துக்கோ" என்றார் பேராசிரியர். நான் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

வயலுக்கு வேறு ஆள் தேடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். பாப்பாயியே போன் செய்தார். "இன்னொருக்கா எனக்கே குடுங்க அம்முணி. புள்ளைங்க சோறுன்னு எனக்கு அப்பத் தெரியலீங்க. மேபொறத்துக்கு இந்த வாட்டி கொடியில ஒரு எலை உழாதுங்க" என்றார். கொடுத்தோம். சொன்னது போலவே செய்தார். வைகாசியில் நான் போனபோது கிழக்கே மண்ணுக்குள் கொடி, மேற்கே வெறும் செடி. மேற்குப் பக்கம் முகம் கொடுத்து நிற்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. "எட்ட நின்னே தண்ணி கட்டீட்டு வந்தர்றனுங்க" என்றார். ஆனால் வாக்குத் தவறவில்லை.

சுண்டலுக்கான தட்டப்பயறு அவர் வயலில் விளைந்ததுதான். ஆவணி பிறந்ததும் மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போன் செய்தார்.

"எத்தன பேர்த்துக்குங்க கண்ணு?"

"முப்பது பேருக்குக்கா."

"அறுவது பேர்னு சொன்னீங்களே?"

"மத்த முப்பது பேர் ஒப்பிடறதுக்கு."

"சேரிங்க கண்ணு, உங்களுக்குத் தெரியாததா" என்று வைத்துவிட்டார். அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னைக் குடைந்தது.

நான் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் ஏற்பாடு செய்தேன். ஒருவர் சாப்பிடுவதை ஒருவர் பார்க்க வேண்டாம் என்று இரண்டு அறை. சுண்டல் கிடைக்கிற முப்பது பேர் உணவகத்தில், கிடைக்காத முப்பது பேர் அடுத்திருந்த வாசிப்பறையில். எட்டு மணிக்கு எல்லோரும் வந்து என் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் அறைக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் விஷயத்தை முன்பே விளக்கி, சம்மதம் என்று எழுதியும் வாங்கியாகிவிட்டது. முதல் நாள் காலை கடுகும் வரமிளகாயும் தாளித்து, தேங்காய்த் துருவலைத் தூவிக் கொண்டு வந்து வைத்தார்கள். சுவருக்கு வாசனையைத் தடுக்கத் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

கடைசியாகக் கையெழுத்துப் போட வந்தவள் நித்யஸ்ரீ. பள்ளிபாளையத்திலிருந்து வரும் முதல் வருடப் பெண். அவள் சீட்டு இரண்டாவது முப்பதில் விழுந்திருந்தது. அவள் வருகிற பஸ் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது கண் ஒரு தடவை பாத்திரத்துப் பக்கம் போய்த் திரும்பியது. நான் அதைப் பார்த்துவிட்டேன், நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"நானு சாப்ட்டுட்டுத்தாங்க்கா வந்தேன்" என்றாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. என் சங்கடத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்.

அந்த வாக்கியத்தை மூன்று வருடம் தினமும் சொன்னவள் நான். தோழிகள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் கூட அதை நம்பாமல் போகவில்லை. யாராவது ஒருத்தி நம்பாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போதெல்லாம் ஏங்கியிருக்கிறேன்.

இவளை அனுப்பிவிட்டால் கோப்பு பிழைக்கும். இரண்டு மாதம் இந்த முப்பது பேர் பொறுத்தால் அடுத்த வருடம் ஆயிரத்து இருநூறு பேர் சாப்பிடுவார்கள். அந்த ஆயிரத்து இருநூறில் இவளும் இருப்பாள். கணக்குச் சரிதான். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வந்தது. பாப்பாயியைப் பார்த்துக் கத்தியதும் இதே கணக்கை வைத்துத்தான். அவர் திருத்திக்கொண்டார். மண் பொறுத்துக்கொண்டு நிற்கிறது. இங்கே என் முன்னால் நிற்பது மண் இல்லையே, இதற்குப் பசிக்குமே.

கரண்டியை எடுத்தது நினைவிருக்கிறது. கிண்ணத்தை அவள் கையில் திணித்தேன்.

"இல்லீங்க்கா, எம்பேரு அந்த லிஸ்டுல..."

"சாப்பிடு."

நின்றபடியே சாப்பிட்டாள். வேகமாகச் சாப்பிட்டாள். நான் வாசிப்பறைக் கதவைத் திறந்தேன். இருபத்தொன்பது தலைகள் நிமிர்ந்தன. எல்லோர் முன்னாலும் ஒரு புத்தகம் விரித்திருந்தது, ஒருவரும் பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை. "எல்லாரும் வாங்க" என்றேன். அளந்து ஊறவைத்த பயறு முப்பது பேருக்குத்தான். ஆளுக்கு அரைக் கிண்ணம் வீதம் எல்லோருக்கும் வந்தது. முதல் முப்பதில் ஒருவரும் ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை.

நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அறுபது பேருக்கு இன்றைக்கு அரைக் கிண்ணம் கொடுத்து, ஆயிரத்து இருநூறு பேரின் முழுக் கிண்ணத்தைக் கவிழ்த்திருக்கிறேன். பதினோரு மணிக்குப் பேராசிரியரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். பொய் எழுத மாட்டேன். அவர் கத்தப் போவதில்லை, கண்ணாடியைத்தான் துடைப்பார். மூட்டையில் இருக்கிற பயறு, அறுபது பேருக்கு முழுக் கிண்ணம் போட்டால் ஒரு மாதம் வரும்.

நித்யஸ்ரீ கிண்ணத்தைக் கழுவிக் கொண்டு வந்து கவிழ்த்து வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"இனிமே தெனமும் உண்டுங்களாக்கா?" என்று கேட்டாள்.